பதினான்கு எங்கே அமர்ந்திருக்கிறது?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற விஞ்ஞான அமர்வில் பழைய மாணவிகள் இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்கள் நாளாந்தம் செய்கிற வேலையைச் சொல்லுங்கள். ஆனால் எங்களுக்கு விளங்க வேண்டும்" என்பதுதான் விழாக் குழுவினர் எமக்கு இட்ட ஒரே நிபந்தனை. நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் இங்கிருந்து உயர்தரம் எழுதியவர்கள். ஒருவர் உயிரியல் பிரிவு, மற்றவர் கணிதப் பிரிவு. அந்தக் காலத்தில் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு தாழ்வாரம் இருந்தது. இப்போது ஒரே ஆய்வுகூடத்தில் ஒருவர் புரதங்களைப் பிரித்தெடுக்க, மற்றவர் வருகிற எண்களைப் படிக்கிறோம். ஆகவே இந்த உரையில் "நாம்" என்று சொல்லும்போது இரண்டு குரல்கள் கலந்திருக்கும். எங்கே ஒன்று நின்று மற்றது தொடங்குகிறது என்பதை எங்களை அறிந்தவர்கள் கண்டுகொள்வார்கள்.

எமது வேலையை ஒரு வரியில் சொன்னால், புரதத் துண்டுகளைத் தராசில் நிறுத்து, அவற்றில் மெதைல் கூட்டம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அந்தத் தராசின் பெயர் திணிவு நிறமாலைமானி.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களால் கோத்த மாலை என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மாலையைக் கோத்து முடித்த பிறகும் கலம் அதைச் சும்மா விடுவதில்லை. சில மணிகளில் சிறு சிறு பொருட்களை ஒட்டுகிறது, பிறகு கழற்றுகிறது. அப்படி ஒட்டுபவற்றுள் மிகச் சிறியது மெதைல் கூட்டம். ஒரு காபன், மூன்று ஐதரசன், அவ்வளவுதான். பெரும்பாலும் இது லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களின் நைதரசனில் போய் அமரும். அங்கிருந்த ஓர் ஐதரசன் வெளியேற, மெதைல் வந்து சேரும். பதினைந்து வந்து ஒன்று போனால் மிச்சம் பதினான்கு. துல்லியமாகச் சொன்னால் 14.01565. இந்த உரை முழுவதும் அந்த எண்ணைப் பற்றியதுதான்.

லைசின் ஒன்று, இரண்டு அல்லது மூன்று மெதைல் கூட்டங்களைத் தாங்கும். ஆர்ஜினின் ஒன்றோ இரண்டோ தாங்கும். இவ்வளவு சிறிய பொருள் என்ன செய்துவிடப் போகிறது என்று கேட்கலாம். எமது ஒவ்வொரு கலத்திலும் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமான டி.என்.ஏ. இழை இருக்கிறது. அது ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றப்பட்டிருக்கிறது, நூற்பந்தில் நூல் போல. ஹிஸ்டோன்களின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியிலுள்ள லைசின்களில் எது மெதைல் ஏற்றிருக்கிறது என்பதைப் பொறுத்து, அருகிலுள்ள மரபணு வாசிக்கப்படும் அல்லது மூடிவைக்கப்படும். மூன்றாம் ஹிஸ்டோனின் 4ஆம் தானத்து லைசினில் மூன்று மெதைல் இருந்தால் அந்த இடம் பெரும்பாலும் இயங்கும் மரபணுவின் தொடக்கம். 9ஆம் தானத்திலோ 27ஆம் தானத்திலோ மூன்று இருந்தால் அந்தப் பகுதி பெரும்பாலும் மௌனம். அதே மூன்று 36ஆம் தானத்தில் இருந்தால், வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் மரபணுவின் உடற்பகுதி. பொருள் ஒன்றே, அமர்ந்த இடம்தான் வேறு. ஆகவே "மெதைல் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு விடை கண்டால் பாதி வேலைகூட முடியவில்லை.

முன்னோடிகள் தடுமாறியதும் இங்கேதான். 1959இல் ஆம்பிளர், றீஸ் என்ற இருவர் பற்றீரியாவின் சவுக்குமுளைப் புரதத்தில் மெதைல் ஏறிய லைசினைக் கண்டார்கள். 1964இல் மறே என்பவர் ஹிஸ்டோன்களில் அதைக் கண்டார். அன்றைய முறையில் புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து எல்லா அமினோ அமிலங்களையும் தனித்தனியாக்கி அளப்பார்கள். மாலையை முழுதாக அறுத்துக் கொட்டிவிட்டு மணிகளை எண்ணுவது போன்றது அது. விசேட மணி இத்தனை என்று தெரியும். அது எத்தனையாவது மணியாக இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

இவற்றை ஒட்டும் நொதியங்களைத் தேடியவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற சாங்டுக் கிம் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கணவர் வூன் கி பைக்கும் 1960களின் பிற்பகுதியிலிருந்து பிலடெல்பியாவில் இந்த நொதியங்களைத் தனிமைப்படுத்தினார்கள். மெதைலேற்றம் எதற்கு என்று உலகம் பெரிதாகக் கேட்காத காலம் அது. ஹிஸ்டோன் லைசினில் மெதைல் ஏற்றும் நொதியத்தின் மரபணு 2000ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக இனங்காணப்பட்டது. லைசினிலிருந்து மெதைலைக் கழற்றும் நொதியம் 2004இல் தெரியவந்தது. அதுவரை, ஏறியது இறங்காது என்றுதான் பலர் நம்பியிருந்தார்கள்.

தானத்தைப் பற்றிய ஆரம்பகாலக் கதைகளில் எங்கள் இருவருக்கும் மிகப் பிடித்தது 1969இல் வெளிவந்த ஒன்று. நான்காம் ஹிஸ்டோனின் அமினோ அமில வரிசையை இரண்டு உயிர்களிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள். ஒன்று பசுக்கன்றின் தைமஸ் சுரப்பி, மற்றது பட்டாணி நாற்று. கன்றுக்கும் பட்டாணிக்கும் பொதுவான மூதாதையைத் தேடி எவ்வளவு காலம் பின்னே போக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இருந்தும் 102 அமினோ அமிலங்களில் இரண்டே இரண்டு மட்டும் வேறுபட்டன. 60ஆம் தானத்தில் கன்றுக்கு வலின், பட்டாணிக்கு ஐசோலியூசின். 77ஆம் தானத்தில் கன்றுக்கு லைசின், பட்டாணிக்கு ஆர்ஜினின். இவற்றைத் தவிர இன்னொரு வேறுபாடும் இருந்தது. 20ஆம் தானத்து லைசின் கன்றில் மெதைல் ஏற்றிருந்தது, பட்டாணியில் வெறுமையாக இருந்தது.

இப்போது கணிதப் பிரிவுக்காரி குறுக்கிடுகிறார். வலினுக்கும் ஐசோலியூசினுக்கும் இடையிலான திணிவு வித்தியாசம் எவ்வளவு? ஒரு காபன், இரண்டு ஐதரசன். அதாவது 14.01565. மெதைல் ஏறினாலும் அதே 14.01565தான் கூடும். எத்தனை தசமதானம் வரை நிறுத்தாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது, ஏனென்றால் கூடிய அணுக்கள் அச்சொட்டாக ஒன்றே. கன்றில் 20ஆம் தானத்தில் கூடிய பதினான்கைக் கலம் வைத்தது. பட்டாணியில் 60ஆம் தானத்தில் கூடிய பதினான்கைப் பரம்பரை வைத்தது. அன்று அவர்கள் மாலையின் ஒரு நுனியிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றி வாசித்ததால் குழப்பம் வரவில்லை. தராசை மட்டும் நம்பும் எமக்கு அது நாள்தோறும் வரும்.

தராசைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அஸ்டன் 1919இல் தமது திணிவு நிறமாலை வரைவியால் சமதானிகளைப் பிரித்துக் காட்டினார், 1922இல் நோபல் பரிசு பெற்றார். அணுக்களுக்கும் சிறு மூலக்கூறுகளுக்கும் அது போதும். புரதம் பெரியது, சூடாக்கினால் ஆவியாகாமல் கருகிவிடும். அதை உடையாமல் வாயு நிலைக்குக் கொண்டுவர வழி காண்பதற்குள் பல தசாப்தங்கள் ஓடிவிட்டன. ஜோன் பென் மின்தெளிப்பு முறையையும் யப்பானின் கொய்ச்சி தனக்கா லேசர் முறையையும் உருவாக்கி, 2002இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். தனக்கா அப்போது ஒரு கருவித் தயாரிப்பு நிறுவனத்தில் பொறியியலாளர். கலாநிதிப் பட்டம் பெற்றிருக்கவில்லை. பட்டங்களின் நீளத்தை வைத்து ஆளை நிறுக்கும் வழக்கம் எமது சமூகத்தில் இருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறோம்.

வேலை நடக்கும் விதம் இதுதான். புரதத்தைத் திரிப்சின் என்ற நொதியத்தால் துண்டாடுவோம். அது லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்தாற்போல் மட்டும் வெட்டும். துண்டுகளின் கரைசலை மயிரிழை போன்ற ஊசி வழியே உயர் அழுத்த மின்னுடன் தெளித்தால், துளிகள் வற்றி, ஏற்றம் பெற்ற துண்டுகள் கருவிக்குள் பறக்கும். கருவி அளப்பது திணிவை ஏற்றத்தால் வகுத்த பெறுமானத்தை. ஆகவே இரண்டு ஏற்றமுள்ள துண்டில் பதினான்கு ஏழாகத் தெரியும்.

முதலில் துண்டை முழுதாக நிறுக்கிறோம். எதிர்பார்த்ததைவிட 14 கூடியிருந்தால் ஒரு மெதைல் இருக்கலாம், 28 கூடியிருந்தால் இரண்டு, 42 என்றால் மூன்று. பிறகு அந்தத் துண்டை மட்டும் தனியே பிடித்து, வாயு மூலக்கூறுகளுடன் மோதவிட்டு உடைக்கிறோம். அது பெரும்பாலும் மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள முடிச்சில்தான் உடையும். ஒரு பிரதி முதல் மணிக்குப் பின் உடையும், இன்னொன்று இரண்டாம் மணிக்குப் பின், வேறொன்று மூன்றாம் மணிக்குப் பின். எல்லாத் துண்டுகளையும் நிறுத்து வரிசைப்படுத்தினால் ஏணிப்படி போல நிற்கும். அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம் ஒரு மணியின் திணிவு. லைசினுக்கு 128.095. எந்தப் படியில் 128 இருக்க வேண்டிய இடத்தில் 142 இருக்கிறதோ, அங்கே மெதைல் அமர்ந்திருக்கிறது.

மூன்றாம் ஹிஸ்டோனின் 27ஆம் தானத்திலிருந்து 40ஆம் தானம் வரையான துண்டை எடுத்துக்கொள்வோம். பதினான்கு மணிகள். முதல் மணி 27ஆவது லைசின், பத்தாவது மணி 36ஆவது லைசின். 27இல் மூன்று மெதைல் இருந்தால் மரபணு மௌனம், 36இல் மூன்று இருந்தால் மரபணு பேசிக்கொண்டிருக்கிறது என்று முன்னரே சொன்னோம். இரண்டு துண்டுகளினதும் மொத்தத் திணிவு ஒன்றே. உடைத்துப் பார்த்தால், முதலாவதில் ஏணியின் அடிப்படியே 42 உயர்ந்து நிற்கும். இரண்டாவதில் ஒன்பது படிகள் வழமைபோல வந்து, பத்தாவதில் திடீரென 42 எகிறும். இடைப்பட்ட படிகள் எமக்குக் கிடைக்காவிட்டால், 42 எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல எமக்கு உரிமை இல்லை. இரண்டும் கலந்த மாதிரிகளும் வரும். 27இல் இரண்டும் 36இல் ஒன்றுமாகச் சேர்ந்தும் அதே 42 வரும்.

ஹிஸ்டோன் நுனியில் லைசினும் ஆர்ஜினினும் நெருக்கமாக இருப்பதால் திரிப்சின் அதை அளவுக்கு மீறிப் பொடியாக்கிவிடும். அதற்காக முன்கூட்டியே புரொப்பியோனிக் நீரிலி சேர்த்து, வெறும் லைசின்களையும் ஒரு மெதைல் மட்டும் ஏற்ற லைசின்களையும் மூடிவிடுவோம். அதன் பின் நொதியம் ஆர்ஜினினில் மட்டும் வெட்டும். மேலே சொன்ன துண்டு அப்படிக் கிடைப்பதுதான். இரண்டு அல்லது மூன்று மெதைல் ஏற்ற லைசினைத் திரிப்சின் தானாகவே வெட்டாமல் விட்டுவிடும். மூடாத மாதிரியில், வெட்டியிருக்க வேண்டிய இடம் வெட்டப்படாமல் இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

இனி 9ஆம் தானத்துக்கு வருவோம். 9 முதல் 17 வரையான ஒன்பது மணித் துண்டின் திணிவு 900.514. அதில் 42 கூடி 942 ஆகத் தெரிகிறது. மூன்று மெதைல் என்று எழுதிவிடலாமா? பொறுங்கள். அதே லைசினில் மெதைலுக்குப் பதிலாக ஓர் அசற்றைல் கூட்டம் ஏறினாலும் 42தான் கூடும். 9இல் மூன்று மெதைல் மூடிவைக்கும் அடையாளம். 9இல் அசற்றைல் திறந்துவைக்கும் அடையாளம். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தராசு ஒரே நிறையைக் காட்டுகிறது.

நல்லவேளையாக, முற்றிலும் ஒரே நிறை அல்ல. மூன்று மெதைலால் கூடுவது மூன்று காபனும் ஆறு ஐதரசனும். அசற்றைலால் கூடுவது இரண்டு காபன், இரண்டு ஐதரசன், ஓர் ஒட்சிசன். பொதுவானவற்றை வெட்டிவிட்டால் ஒரு பக்கம் ஒரு காபனும் நான்கு ஐதரசனும், மறு பக்கம் ஓர் ஒட்சிசன். ஒன்று மெதேன், பதினாறு. மற்றதும் பதினாறு. வகுப்பில் நாம் முழு எண்ணோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் ஐதரசனின் திணிவு சரியாக 1 அல்ல, 1.00783. ஒட்சிசனின் திணிவு சரியாக 16 அல்ல, 15.99491. ஆகவே ஒரு பக்கம் 16.0313, மறு பக்கம் 15.9949. வித்தியாசம் 0.0364. அணுக்கருவைப் பிணைக்கும் சக்தி திணிவில் விட்டுச்சென்ற அந்தச் சிறு மிச்சம்தான், மரபணு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எமக்குச் சொல்கிறது. முன்னையது 942.561, பின்னையது 942.525. பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 39 பங்கு வித்தியாசம். இன்றைய நல்ல கருவிகள், குறிப்பாக 2005இல் சந்தைக்கு வந்த ஓர்பிட்ராப் வகை, பத்து இலட்சத்தில் சில பங்குக்குள் நிறுக்கும். அதற்கு முந்திய பல கருவிகளுக்கு இது இயலாத காரியம்.

கருவி துல்லியமானது என்பதால் அதோடு விட்டுவிட மாட்டோம். இரண்டாவது சாட்சியையும் தேடுவோம். மூன்று மெதைல் ஏற்ற லைசின் உடையும்போது மும்மெதைல் அமைன் கழன்று போவதுண்டு, அப்போது 59.07 குறையும். இந்த மும்மெதைல் அமைனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பழுதான மீனின் மணம் அதுதான். அசற்றைல் ஏற்ற லைசின் உடைந்தால் 126.09 என்ற சிறு அயன் தோன்றும். மீன் மணத்தின் அடையாளமும் தராசின் நான்காம் தசமதானமும் ஒத்துப்போனால்தான் பதிவேட்டில் எழுதுவோம்.

ஆர்ஜினினின் கதையை ஓரிரு வரிகளில் முடிக்கிறோம். அதில் இரண்டு மெதைல் ஏறும்போது, இரண்டும் ஒரே நைதரசனில் அமரலாம், அல்லது இரண்டு நைதரசன்களில் ஒவ்வொன்றாக அமரலாம். அவற்றைச் செய்யும் நொதியங்கள் வேறு, விளைவுகளும் வேறு, திணிவு மட்டும் துளியும் மாறாது. உடைக்கும்போது முதலாவது 45ஐ இழக்கும், இரண்டாவது 31ஐ இழக்கும். அதை வைத்துத்தான் பிரிக்கிறோம்.

எங்களை அதிகம் தூங்கவிடாத கேள்வி வேறு. பதினான்கு இருக்கிறது, எங்கே என்றும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்தது யார்? கலமா, நாமா?

உயர்தர இரசாயனவியலில் படித்தது நினைவிருக்கும். காபொட்சிலிக்கமிலத்துடன் அற்ககோல் சேர்த்து, அமில ஊடகத்தில் விட்டால் எசுத்தர் வரும். ஆய்வுகூடங்களில் புரதத்தை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரித்த பின், அதை நிலைநிறுத்தவும் சாயமூட்டவும் வழமையாகப் பயன்படுத்தும் கரைசல் எது? மெதனோலும் அசற்றிக்கமிலமும். புரதத்திலுள்ள அஸ்பார்ற்றிக், குளுற்றாமிக் அமிலங்களில் காபொட்சில் கூட்டம் இருக்கிறது. அங்கே மெதைல் எசுத்தர் உண்டாகும், 14.01565 கூடும். கலத்துக்கு அதில் பங்கே இல்லை. எமது கோப்பைக்குள் நாமே ஏற்றிய மெதைல் அது. இதனால் எங்கள் ஆய்வுகூடத்தில் மெதைல் தேடும் மாதிரிகளின் அருகே மெதனோல் போத்தல் வராது. எதனோல் பயன்படுத்துகிறோம். அதுவும் எசுத்தர் செய்யும், ஆனால் அங்கே 28.03 கூடுவதால், ஒரு மெதைல் என்று மாறாட்டம் வராது. இரண்டு மெதைலுடன் குழம்பலாம், அதையும் கவனிக்க வேண்டும்.

பரம்பரையும் பதினான்கு வைக்கும் என்பதைப் பட்டாணிக் கதையில் பார்த்தோம். கிளைசின் அலனின் ஆனாலும், செரின் திரியோனின் ஆனாலும், அஸ்பார்ற்றிக் அமிலம் குளுற்றாமிக் அமிலம் ஆனாலும் அதே பதினான்கு. மனிதருக்கு மனிதர் இப்படியான சிறு மாற்றங்கள் இருக்கவே செய்கின்றன. இன்னொரு பொறி, இரண்டு மெதைல் ஏற்ற லைசினின் திணிவு 156.126, வெறும் ஆர்ஜினினின் திணிவு 156.101. அவசரக்காரருக்கு இரண்டும் 156.

இதோடு கணினியும் சேர்ந்துகொள்கிறது. ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான நிறமாலைகள் வருவதால், கையால் ஒவ்வொன்றையும் வாசிக்க முடியாது. தரவுத்தளத்துடன் ஒப்பிட்டுப் பெயரிடும் வேலையைக் கணினி செய்கிறது. பிழையை மதிப்பிட, உண்மையான வரிசைகளுடன் தலைகீழாகத் திருப்பிய போலி வரிசைகளையும் சேர்த்துத் தேடவிடுவோம். போலியில் எத்தனை பொருந்துகிறதோ, உண்மைப் பட்டியலிலும் ஏறத்தாழ அத்தனை தற்செயல் பொருத்தம் இருக்கும் என்று கொள்வோம். நூற்றுக்கு ஒன்று பிழை என்றால் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் துண்டுகளில் நூற்றுக்கு ஒன்று பிழை என்றால் நூறு துண்டுகள் பிழை. பத்தாயிரத்தில் மெதைல் ஏறியவை என்று கணினி சொல்வது வெறும் இருநூறு என்று வையுங்கள். பிழையான அந்த நூறும் எங்கே போய் ஒதுங்கியிருக்கும்? எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்காது. ஐயத்துக்கு இடமுள்ள மூலையில்தான் கூடும். 2016இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதையே சோதித்து, மெதைலேற்றத்தைப் பெருமளவில் தேடும் ஆய்வுகளில் வழமையான மதிப்பீடு உண்மையான பிழையைக் குறைத்துக் காட்டுகிறது என்று வெளியிட்டார்கள். ஒரு தடவை பட்டியலில் ஏறிய தானம் தரவுத்தளத்துக்குப் போகும், அங்கிருந்து இன்னொருவரின் கட்டுரைக்குப் போகும், அதை நம்பி யாரோ ஒரு மாணவி தன் மூன்று ஆண்டுகளைச் செலவிடுவாள். நூற்றுக்கு ஒன்று என்ற எண்ணை நாங்கள் அந்த மாணவியின் முகத்தோடு சேர்த்தே பார்க்கிறோம்.

கலம் வைத்ததா என்று அறிய மிக அழகான வழி ஒன்றை 2004இல் டென்மார்க்கில் மத்தியாஸ் மானின் குழுவினர் தந்தார்கள். கலம் மெதைலை எங்கிருந்து எடுக்கிறது? மெதியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. உணவில் வரும் மெதியோனின்தான் கலத்தின் மெதைல் களஞ்சியம். ஆகவே கலங்களுக்குப் பாரமான மெதியோனினை ஊட்டினார்கள். அதன் மெதைலில் சாதாரண காபனுக்குப் பதில் காபன் 13, ஐதரசனுக்குப் பதில் தியூத்திரியம். கலம் தானாக ஏற்றும் ஒவ்வொரு மெதைலும் 14க்குப் பதில் 18 ஆகிவிடும். சாதாரண உணவு உண்ட கலங்களையும் பார உணவு உண்ட கலங்களையும் பாதிக்குப் பாதி கலந்து நிறுத்தால், உண்மையான மெதைல் துண்டு ஒவ்வொன்றும் இரட்டையராக வரும். ஒரு மெதைல் என்றால் 4.022 இடைவெளி, இரண்டு என்றால் அதன் இரு மடங்கு, மூன்று என்றால் மும்மடங்கு. போத்தல் மெதனோலால் வந்த எசுத்தருக்கு இரட்டை இல்லை. வலின் ஐசோலியூசின் ஆனதற்கும் இல்லை. பொய்க்குத் துணை வராது. துண்டுக்குள்ளேயே ஒரு மெதியோனின் இருந்தால் மட்டும், மெதைல் இல்லாமலே நான்கு கூடும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழி வளர்ப்புக் கலங்களுக்குச் சரி. ஒரு குழந்தையின் மூளையிலிருந்து எடுத்த சிறு திசுத்துண்டுக்குப் பார மெதியோனின் ஊட்ட முடியாது. அங்கே வேறு சாட்சிகளைத் தேட வேண்டும். அதே துண்டை மெதைலுடன் செயற்கையாகத் தயாரித்து, நிறப்பகுப்பு நிரலிலிருந்து இரண்டும் ஒரே நிமிடத்தில் வெளிவருகின்றனவா, ஒரே விதமாக உடைகின்றனவா என்று ஒப்பிடுவோம். நேரமும் பணமும் பிடிக்கிற வேலை. தானம் ஒன்றைப் பற்றி நாம் எதையாவது உறுதியாகச் சொல்வதானால், இதைச் செய்த பிறகுதான்.

குழந்தை என்று சும்மா சொல்லவில்லை. மூளைத்தண்டில் சிறுவர்களுக்கு வரும் ஒருவகைக் கொடிய கட்டியில், மூன்றாம் ஹிஸ்டோனின் 27ஆம் தானத்து லைசின் மாறி மெதியோனின் ஆகியிருப்பதை 2012இல் இரண்டு குழுக்கள் கண்டன. மெதைல் அமர வேண்டிய ஆசனமே இல்லாமல் போய்விடுகிறது. விந்தை என்னவென்றால், கலத்தில் இந்த ஹிஸ்டோனுக்குப் பல மரபணுப் பிரதிகள் உண்டு, அவற்றில் ஒன்றே ஒன்று மாறினாலும் போதும், மற்ற ஹிஸ்டோன்களின் 27ஆம் தானத்திலும் மூன்று மெதைல் பெருமளவு குறைந்துவிடுகிறது. மாறிய புரதம், மெதைல் ஏற்றும் நொதியத்தின் வேலையைத் தடுப்பதே காரணம் என்று அடுத்த ஆண்டு விளக்கினார்கள். தராசில் அந்த மாற்றம் 2.95 ஆகத் தெரியும்.

வேறு சில புற்றுநோய்களில் நிலைமை மறுபக்கம். அதே நொதியம் அளவு மீறி வேலை செய்கிறது. அதை அடக்கும் தசெமெற்றோஸ்ற்றற் என்ற மருந்துக்கு 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, மிக அரிதான ஒரு மென்திசுப் புற்றுக்காக. அப்படியான மருந்து கொடுத்தபின் 27ஆம் தானத்தில் மெதைல் உண்மையில் குறைந்ததா என்று கேட்டால், விடை சொல்ல வேண்டியது தராசு. 36ஆம் தானத்தின் 42ஐ 27ஆம் தானத்தின் 42 என்று வாசித்துவிட்டால், மருந்து வேலை செய்கிறதென்றோ செய்யவில்லையென்றோ தலைகீழாகச் சொல்லிவிடுவோம்.

இங்கே முன்வரிசையில் உயர்தர வகுப்புத் தங்கைமார் இருக்கிறார்கள். எந்தப் பாடம் எடுத்தால் இந்த வேலைக்கு வரலாம் என்று தேநீர் வேளையில் இருவர் கேட்டார்கள். இரண்டு வாசலாலும் வரலாம், நாங்கள் அப்படித்தான் வந்தோம். ஆனால் உயிரியல் படிப்பவர் புள்ளிவிபரத்துக்குப் பயப்படக் கூடாது, கணிதம் படிப்பவர் குழாயியைக் கையில் எடுக்கத் தயங்கக் கூடாது. உங்கள் இரசாயனவியல் செய்முறைக் கொப்பியில் எசுத்தராக்கம் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறதென்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

நேரம் முடிந்துவிட்டதென்று செயலாளர் அக்கா சைகை காட்டுகிறார். தராசைப் பற்றிய கேள்விகளைக் கணிதப் பிரிவுக்காரியிடம் கேளுங்கள், கலத்தைப் பற்றியவற்றை மற்றவரிடம் கேளுங்கள். திரையில் இருப்பவர்கள் எழுதி அனுப்பினால் ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொல்வோம்.